ஷோலம் செகுண்டா: முப்பது டாலர் கதைக்கு அப்பால்

ஊசிமுனை எழுதியது:

இசையமைப்பாளர் ஷோலம் செகுண்டாவை எங்கே தேடினாலும் ஒரே கதைதான் வந்து நிற்கிறது. யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாடகத்துக்கு எழுதி, பிறகு உலகமே பாடிய "பை மிர் பிஸ்டு ஷேன்" பாட்டை முப்பது டாலருக்கு விற்றுவிட்டு ஏமாந்தவர் என்ற கதை. பொய்யில்லை. ஆனால் 79 வயது வரை வாழ்ந்து, சிறு வயதிலிருந்து கடைசிவரை இசையை விட்டு நகராத ஒருவரை அந்த ஒரு வரிக்குள் பூட்டிவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்தக் கதையையும் பேசுவோம், ஆனால் அதோடு எழுந்து போய்விட வேண்டாம்.

ஷோலம் செகுண்டா 1894-ல், அன்றைய ரஷ்யப் பேரரசின் கெர்சோன் மாகாணத்தில் இருந்த அலெக்சாந்திரியா என்ற ஊரில் பிறந்தார். இன்று அது உக்ரைனில் இருக்கிறது. பிறகு குடும்பம் நிகோலாயேவ் துறைமுக நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. யூதத் தொழுகைக்கூடத்தில் வழிபாட்டைப் பாடி நடத்துபவருக்கு ஹஸான் என்று பெயர். வழிபாடு முழுவதும் அவர் தொண்டையை நம்பித்தான் நடக்கும். சிறுவன் ஷோலமுக்கு அப்படியொரு தொண்டை வாய்த்திருந்தது. பால்மணம் மாறாத வயதிலேயே கூட்டம் கூட்டிய குழந்தை ஹஸான் அவர்.

1905-ஐ ஒட்டி ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, கப்பலேறியவர்கள் ஏராளம். 1881 தொடங்கி 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். செகுண்டா குடும்பமும் 1907 வாக்கில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் பையன் குழந்தை ஹஸானாகப் பாடினான், குரல் உடையும் வரை.

அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மீது பற்று பிறக்கிறது. குரலை வைத்தே பெயரெடுத்த பிள்ளைக்குக் குரல் போய்விட்டால் மிச்சம் என்ன? அவர் பியானோ பக்கம் போனார். யித்திஷ் நாடகக் குழுக்களில் கூட்டுப் பாடகராக நின்றார். பின்னாளில் ஜூலியார்ட் பள்ளியாக மாறிய இசைக்கலை நிறுவனத்தில் முறைப்படி படித்தார். எர்னஸ்ட் பிளாக் என்ற பெரிய இசையமைப்பாளரிடமும் பாடம் கேட்டார். கையில் கிடைத்த வேலை நாடகக் கொட்டகை, மனத்தில் இருந்தது பெரிய இசைக்குழுவும், ஆரட்டோரியோ என்கிற நீண்ட சேர்ந்திசைப் படைப்பும். வாழ்நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தார் என்று அவருடைய இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டால் புரியும்.

தாழ்வாரம் எழுதியது:

அண்ணா, எனக்கு அந்த ஒரு பாட்டு மட்டும்தான் தெரியும். "பை மிர் பிஸ்டு ஷேன்". அதுவும் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் ஆங்கிலத்தில் பாடியதுதான். அது யித்திஷ் நாடகப் பாட்டு என்பதே இங்கு படித்துத்தான் தெரிகிறது. யித்திஷ் நாடகம் என்றால் எப்படி இருக்கும்? நம் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் மாதிரி பாட்டு நிறைந்ததா?

ஊசிமுனை எழுதியது:

பாட்டு நிறைந்ததுதான். மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இரண்டாம் அவென்யூ என்று ஒரு தெரு. வரிசையாக யித்திஷ் கொட்டகைகள். பகலெல்லாம் தையல் கூடத்தில் இயந்திரம் மிதித்தவர்கள் சாயங்காலம் அங்கே போய் அழுவார்கள், சிரிப்பார்கள். விட்டுவந்த ஊர், அமெரிக்காவில் கெட்டுப்போன பிள்ளை, அம்மா, கல்யாணம். நாடகம் எதுவாக இருந்தாலும் நடுவே ஏழெட்டுப் பாட்டு வரும். பிடித்த பாட்டை மறுபடி பாடவைக்காமல் கூட்டம் விடாது.

அந்தத் தெருவின் இசைக்கு நான்கு தூண்கள் என்று சொல்வார்கள். வில்னா பக்கத்திலிருந்து வந்த ஜோசப் ரும்ஷின்ஸ்கி, ஒடெசாவில் பிறந்த அலெக்சாண்டர் ஓல்ஷனெட்ஸ்கி, செகுண்டா, ஆப்ரகாம் எல்ஸ்டைன். நால்வரில் எல்ஸ்டைன் மட்டும்தான் நியூயார்க்கிலேயே பிறந்தவர். மற்ற மூவரும் கப்பலில் வந்தவர்கள்.

நீங்கள் சொன்ன பாட்டு 1932-ல் புரூக்ளினில் மேடையேறிய ஒரு நாடகத்துக்காக எழுதியது. சொற்கள் ஜேக்கப் ஜேக்கப்ஸ். மேடையில் பாடியவர்கள் ஆரன் லெபெடெஃப், லூசி லெவின். இந்த லெபெடெஃபைக் கட்டாயம் கேளுங்கள். அவர் தட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. சொல்லை உருட்டி, நாக்கைச் சொடுக்கி, தாளத்துக்கு முன்னேயும் பின்னேயும் ஓடி விளையாடுகிற பாடகர். நாடகம் ஒரு பருவத்தோடு முடிந்தது. பாட்டு முடியவில்லை.

மூன்றாம் கட்டை எழுதியது:

இசைப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். யித்திஷ் இசை என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஸ்வர வரிசை. அவர்கள் அதற்கு ஃப்ரேகிஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். நம் கணக்கில் வகுளாபரணம். இன்னொன்று, அவர்கள் மிஷெபெராக் என்பது, ஸ்வரங்களை அடுக்கிப் பார்த்தால் ஹேமவதி. கமகமும் பிடியும் வேறு என்பதால் ராகம் என்று சொல்லமாட்டேன், ஸ்வர வரிசை மட்டும்தான் ஒன்று. ஆனால் ஹஸான்கள் பாடும்போது ஒரு ஸ்வரத்தை விம்மலோடு உடைத்து இறக்குவார்கள். அதைக் கேட்டால் நம் காது உடனே நிமிர்ந்துகொள்ளும்.

செகுண்டாவின் இந்தப் பிரபலப் பாட்டு இரண்டிலும் சேராது. நேரான மைனர். கார்டுகளில் காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும்போது கீரவாணி வாடை அடிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஜாஸ் குழுக்கள் கையில் எடுத்தபோது அது அவ்வளவு எளிதாக வளைந்துகொடுத்தது என்று நினைக்கிறேன்.

சட்டப்புள்ளி எழுதியது:

முப்பது டாலர் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பல இடங்களில் பாதிதான் சொல்கிறார்கள்.

1937-ல் செகுண்டாவும் ஜேக்கப்ஸும் பாட்டின் உரிமையை காமென் என்ற பதிப்பகத்துக்கு விற்றார்கள். முப்பது டாலர் இருவருக்கும் சேர்த்து. ஆளுக்குப் பதினைந்து. காமென் சகோதரர்கள் கல்யாண வாத்தியக் குழுக்கள் வைத்து வாசிக்கும் இசைத்தாள் தொகுப்புகளை அச்சிட்டு விற்றவர்கள். யித்திஷ் பாட்டுக்கு அப்போது இருந்த சந்தை அந்த அளவுதான். ஒரு நாடகம் இறங்கிவிட்டால் அதன் பாட்டுக்கு இசைத்தாள் விற்பனை தவிர வேறு வரும்படி கிடையாது. ஆகவே அந்த விற்பனையைப் பைத்தியக்காரத்தனம் என்று இன்று சொல்வது நியாயமில்லை.

அதே காலத்தில் சாமி கான், சால் சாப்ளின் என்ற இரண்டு பாட்டெழுத்தாளர்கள் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் ஜானி, ஜார்ஜ் என்ற கறுப்பினப் பாடகர் இருவர் இதை யித்திஷிலேயே பாடுவதைக் கேட்டார்கள். கேட்ஸ்கில் மலையில் யூதர்கள் கோடைக்குப் போய்த் தங்கும் விடுதியில் அந்தப் பாடகர்கள் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் புரியாத ஹார்லெம் கூட்டம் ஆர்ப்பரித்ததைப் பார்த்த கானுக்குப் பொறி தட்டிவிட்டது. ஆங்கிலச் சொற்கள் எழுதினார்கள். 1937 நவம்பர் 24 அன்று ஆண்ட்ரூஸ் சகோதரிகள் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான்.

இனி பெரும்பாலோர் விட்டுவிடும் பாதி. அமெரிக்காவின் 1909 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை, பாட்டு வெளியானதிலிருந்து 28 ஆண்டு. அதன் பிறகு இன்னும் 28 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், அப்படிப் புதுப்பிக்கும் உரிமை படைத்தவருக்கே போகும். உரிமையை அவசரத்தில் விற்றுவிட்ட எழுத்தாளனுக்கும் இசையமைப்பாளனுக்கும் இரண்டாவது வாய்ப்பு தருவதற்காகவே வைத்த ஏற்பாடு. 1961-ல் பாட்டு செகுண்டாவிடமும் ஜேக்கப்ஸிடமும் திரும்பி வந்தது. ஹார்ம்ஸ் பதிப்பகத்தோடு முறையான பங்குத்தொகைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மற்றவர்கள் அள்ளியதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. ஆனால் பாட்டு கடைசிவரை கைக்கு வரவில்லை என்று எழுதுவது தவறு.

கரையோரம் எழுதியது:

சட்டப்புள்ளி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சந்தை அந்த அளவுதான் என்றால் சந்தையை அப்படி வைத்திருந்தது யார்? டெக்கா தட்டு அப்போது 35 சென்ட். முப்பது டாலருக்கு 85 தட்டுதான் வாங்க முடியும். லட்சக்கணக்கில் விற்ற பாட்டுக்கு அதைப் படைத்த இருவருக்கும் கிடைத்தது 85 தட்டின் விலை. விற்று 24 ஆண்டு கழித்து நியாயம் கிடைத்தது என்றால், அந்த 24 ஆண்டும் அவர்கள் என்ன சாப்பிடுவது?

சட்டப்புள்ளி எழுதியது:

நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை நண்பரே. செகுண்டா அந்த 24 ஆண்டும் வேலை செய்துதான் சாப்பிட்டார். நாடகம், வானொலி, ஃபோர்வெர்ட்ஸ் என்ற யித்திஷ் நாளிதழில் இசை விமர்சனம், தொழுகைக்கூடச் சேர்ந்திசை. ஊசிமுனை இழையைத் தொடங்கியதே அதைச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன்.

ஊசிமுனை எழுதியது:

ஆமாம். கரையோரத்தின் கோபமும் சரியான கோபம்தான். கோபித்துக்கொண்டே மேலே போவோம்.

அந்த டெக்கா தட்டைப் பற்றி ஒன்று. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டிய தட்டு அது. எண் 1562. ஒரு பக்கம் செகுண்டாவின் பாட்டு. மறுபக்கம் ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்து அவர் அண்ணன் ஐரா எழுதிய பாட்டு. இது ஏன் எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை என்றால், இருபது ஆண்டுக்கு முன் நடந்த ஒன்று. நாடக உலகின் பெரிய முதலாளி நடிகர் போரிஸ் தோமஷெஃப்ஸ்கி, இளம் செகுண்டாவையும் இளம் கெர்ஷ்வினையும் சேர்ந்து எழுதச் சொல்லிப் பார்த்தார். செகுண்டா மறுத்துவிட்டார். தான் இசைப் பள்ளியில் முறைப்படி படித்தவர், எதிரில் நிற்கிற பையன் காதால் வாசிப்பவன், நமக்குச் சரிவராது என்று அவருக்குத் தோன்றியது. கெர்ஷ்வின் பிராட்வேயின் ஆங்கில நாடக மேடை பக்கம் போனார், செகுண்டா இரண்டாம் அவென்யூவில் தங்கினார். 1937 ஜூலையில் கெர்ஷ்வின் மூளைக்கட்டியால் இறந்தார், 38 வயது. நவம்பரில் இந்தத் தட்டு பதிவாகிறது. இணைந்து எழுதாத இருவரும் ஒரே தட்டின் இரண்டு முகமாக நின்றார்கள். ஒருவர் உயிரோடு இல்லை, மற்றவருக்கு உரிமை இல்லை.

பதிவைக் காது கொடுத்துக் கேளுங்கள். விக் ஷோனின் இசைக்குழு. மூன்று பெண்களும் சொற்களை ஒரே மூச்சில் பிடித்து, வரியின் கடைசியில் மூன்றாகப் பிரித்து விடுவார்கள். அவர்கள் மினியாபொலிஸ்காரர்கள், அப்பா கிரேக்கர், அம்மா நார்வே வழி. முதலில் யித்திஷிலேயே பாட ஒத்திகை பார்த்ததாகவும் டெக்காவின் ஜாக் காப் ஆங்கிலம்தான் வேண்டும் என்று நின்றதாகவும் சொல்வார்கள். தலைப்பு வரி மட்டும் தப்பிப் பிழைத்தது.

அதற்குப் பிறகு ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மனின் குழு. 1938 ஜனவரி 16, கார்னகி ஹால். மார்த்தா டில்டன் பாடிக்கொண்டிருக்கும்போதே இடையில் ஸிகி எல்மன் டிரம்பெட்டை எடுத்து, அமெரிக்க நடனத் தாளத்தை ஒதுக்கிவிட்டு, யூதக் கல்யாண வீட்டு ஆட்டத் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். செகுண்டாவின் மெட்டிலிருந்து உரித்துப் போட்ட எல்லாவற்றையும் எல்மன் அந்தச் சில நொடிகளில் திருப்பிக் கொண்டுவந்தார் என்றே எனக்குக் கேட்கிறது. அந்தக் கச்சேரி 1950-ல் நீள்தட்டாக வெளிவந்தது.

பழைய வானொலி எழுதியது:

ரஷ்யாவிலும் இந்த மெட்டு வேறு உடுப்பில் திரிந்தது. 1940-ல் லெனின்கிராட் பள்ளி மாணவன் பாவெல் காண்டெல்மன் இதற்குக் கேப்டவுன் துறைமுகத்துக் கப்பல்காரர்களின் சண்டையைப் பற்றிச் சொற்கள் எழுதினான். அது தலைமுறை தலைமுறையாகத் தெருவில் பாடப்பட்டது. போரின்போது லியோனித் உத்யோசோவ் ஜெர்மானியப் படையைக் கேலி செய்யும் பாட்டாக இதே மெட்டைப் பாடினார். ஜெர்மனியிலேயே, இசையமைத்தவர் யூதர் என்று தெரியவரும் வரை, இது பிரபலமாக இருந்தது. உக்ரைன் மண்ணில் பிறந்தவரின் மெட்டு நியூயார்க் போய், அங்கிருந்து சொந்தச் சொற்களை இழந்து மறுபடி அந்த மண் பக்கமே திரும்பியிருக்கிறது.

எனக்குச் செகுண்டா என்றால் வேறு பாட்டு. "டோனா டோனா". ஜோன் பேயஸின் 1960 தட்டு. கன்றைக் கட்டி வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். மேலே ஒரு தகைவிலான் பறக்கிறது. காற்று சிரிக்கிறது. இவ்வளவுதான் பாட்டு. வதைமுகாமுக்குக் கொண்டுபோகும் யூதர்களைப் பற்றிய பாட்டு என்று அட்டைகளில் படித்திருக்கிறேன், இட்ஸ்ஹாக் காட்ஸெனெல்சன் எழுதியது என்றும் சொன்னார்கள்.

ஊசிமுனை எழுதியது:

வானொலி ஐயா, அந்தப் பாட்டின் வரலாறு கொஞ்சம் வேறு, இன்னும் கனமானது. சொற்களை எழுதியவர் ஆரன் ஸைட்லின். வார்சா நகரத்துக் கவிஞர். அவருடைய "எஸ்தெர்கே" நாடகத்தை மேடையேற்ற யித்திஷ் கலை நாடகக் குழுவின் மாரிஸ் ஷ்வார்ட்ஸ் அவரை 1939-ல் நியூயார்க்குக்கு அழைத்தார். அவர் வந்த பிறகு போர் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. குடும்பம் அங்கேயே சிக்கிக்கொண்டு அழிந்தது. அவருடைய தந்தை ஹில்லெல் ஸைட்லின், பெரிய சிந்தனையாளர், 1942-ல் கொல்லப்பட்டார்.

அந்த நாடகத்துக்குத்தான் 1940, 41-ல் செகுண்டா இசையமைத்தார். போலந்து மன்னன் காசிமிரும் எஸ்தெர்கே என்ற யூதப் பெண்ணும் பற்றிய பழங்கதை. அதற்குள் இந்தக் கன்றுப் பாட்டு. வதைமுகாம் ரயில்களைப் பற்றி எழுதப்பட்டது என்று காலக்கணக்கு சொல்லாது, அவை இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஆனால் ஊருக்கும் உறவுக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அயல்நாட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுதிய சொற்கள் அவை. பின்னால் நடந்தவை பாட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. காட்ஸெனெல்சன் பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். அவரும் பெரிய கவிஞர், ஆஷ்விட்ஸில் மாண்டவர்.

மெட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது பாருங்கள். சரணம் படிப்படியாக நடக்கிறது, வண்டி நகர்கிற நடை. பல்லவியில்தான் சிறகு விரிகிறது. எத்தனை பேர் எத்தனை மொழியில் பாடினாலும் அந்த இரண்டு நடையும் கலையவில்லை. ஆங்கிலத்தில் முதலில் செகுண்டாவே பெயர்த்துப் பார்த்தார், எடுபடவில்லை. ஐம்பதுகளின் நடுவில் ஆர்தர் கெவெஸும் டெடி ஷ்வார்ட்ஸும் செய்ததைத்தான் பேயஸ் பாடினார், 1965-ல் டோனவன் பாடினார். ஜப்பானில் பள்ளிக் குழந்தைகள் வரை அது தெரிந்த பாட்டு.

மூன்றாம் கட்டை எழுதியது:

அங்கேயும் மைனர்தான். பல்லவி மேஜர் கார்டுக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மைனருக்கு இறங்கும். அந்த ஒரு திரும்பலில் தகைவிலான் வந்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமாகச் செய்பவரைக் கொட்டகைப் பாட்டுக்காரர் என்று ஒதுக்குவது எப்படி முடிகிறது என்று தெரியவில்லை.

கரையோரம் எழுதியது:

ஒதுக்குகிற ஆளாக நானே பேசுகிறேன். இரண்டாம் அவென்யூ இசையில் பெரும்பகுதி எனக்குத் தாங்காது. அம்மா பாட்டு, அநாதைப் பாட்டு, விட்டுவந்த கிராமத்துப் பாட்டு, எல்லாவற்றிலும் கண்ணீர் தளும்புகிறது. யித்திஷ் உலகின் இசை வேண்டுமென்றால் நான் கிளாரினெட்காரர் டேவ் டாராஸிடம் போவேன். அவரும் உக்ரைனிலிருந்து வந்தவர், 1921-ல். குடியேறுவோரைச் சோதித்த எல்லிஸ் தீவில் கிருமிநீக்கம் செய்கிறேன் என்று புகை போட்டு அவர் கிளாரினெட்டை நாசமாக்கிவிட்டார்கள். கையில் வாத்தியம் இல்லாமல் இறங்கி, ரோம ஆடைத் தொழிலில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மறுபடி ஊதத் தொடங்கி, நியூயார்க் யூதக் கல்யாணங்களின் குரலாகவே ஆகிவிட்டார். அவரும் மெட்டுகளைப் படைத்தவர்தான். அவருடைய ஒரு புல்காரை, அந்த ஆட்ட இசையை, கேட்டுவிட்டு நாடகப் பாட்டைக் கேட்டால் பின்னது வெல்லப்பாகாகத் தெரிகிறது.

ஊசிமுனை எழுதியது:

டாராஸுக்கு நான் எதிரி இல்லை. அவர் தட்டு ஓடும்போது எனக்கும் உட்கார முடியாது. ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. எழுபதுகளின் நடுவில் அமெரிக்க இளைஞர்கள் கிளெஸ்மர் என்கிற யூதக் கல்யாண வாத்திய இசையைத் தோண்டி எடுத்தபோது அவர்களுக்கு ஆட்ட இசையும் நாட்டுப்பாடலும்தான் அசல் என்று பட்டது. மேடைப் பாட்டு அவர்கள் பாட்டி காலத்து அழுகை. செகுண்டா 1974 ஜூனில் இறந்துவிட்டார். மறுமலர்ச்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். அவரைக் கேட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்ல யாருக்கும் வாய்க்கவில்லை. டாராஸுக்கு அது வாய்த்தது, 1984-ல் தேசியப் பாரம்பரிய விருதும் கிடைத்தது. மகிழ்ச்சியான விஷயம்.

வாழ்ந்த காலத்தில் இவர்கள் ஒரே தெருக்காரர்கள். "பை மிர்" பெற்ற வெற்றியால் யித்திஷ் பாட்டை ஸ்விங் என்ற ஜாஸ் தாளத்தில் வாசிக்கும் வானொலி நிகழ்ச்சி ஒன்று நியூயார்க்கில் பிறந்தது. அதில் பாடிய பேரி சகோதரிகளோடு கிளாரினெட் ஊதியவர் இதே டாராஸ்தான்.

கண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் 1924-க்குப் பிறகு கதவடைக்கப்பட்டவர்கள். அந்த ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியர்களின் வரவை ஏறக்குறைய நிறுத்தியது. தம்பி அங்கே, அக்கா இங்கே. இனி வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு கிராமத்துப் பாட்டைக் கேட்பது வேறு. 1941-க்குப் பிறகு கேட்பது அதைவிட வேறு. இன்னொன்று, மொழி பேசும் புதியவர்கள் வராததால் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக இருண்டன. செகுண்டா எழுதிக்கொண்டிருந்த கூட்டம் அவர் கண்ணெதிரே சுருங்கியது.

தாழ்வாரம் எழுதியது:

பழைய தட்டுகளில் நாடகப் பாட்டுக்கு மூன்று நிமிடம்தான் வருகிறதே, மேடையிலும் அவ்வளவுதானா? இருபதுகளின் தொடக்கத்துப் பதிவுகளில் அடிவயிறே இல்லாத ஓசையாகவும் இருக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

மேடையில் நீளம். பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதனால் சரணங்களை வெட்டுவார்கள், நடுவில் பேசும் வேடிக்கைப் பேச்சை வெட்டுவார்கள், கூட்டத்தின் கூச்சல் இருக்கவே இருக்காது. யித்திஷ் நாடக இசையைத் தட்டில் மட்டும் கேட்டு மதிப்பிடக் கூடாது என்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஓசை விஷயம். 1925 வரை மின்சார ஒலிவாங்கி கிடையாது. பாடகர் பெரிய குழலின் வாய்க்குள் பாட வேண்டும், குழுவும் நெருக்கியடித்து நிற்க வேண்டும். டபுள் பாஸ் பதியாது, டியூபா வைத்துச் சமாளிப்பார்கள். முரசு அடித்தால் ஊசி எகிறும். 1925-க்குப் பிந்தைய தட்டைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், அறையே திறந்த மாதிரி இருக்கும். முப்பதுகளின் நாடகப் பாட்டுகள் நன்றாக ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

நாடகத்துக்கு வெளியே அவர் செய்ததற்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு மிக நெருக்கமான பகுதி அது. 1939-ல் மாரிஸ் ஷ்வார்ட்ஸ் "தெவ்யா" படத்தை எடுத்தார். உக்ரைன் கிராமத்தை லாங் ஐலண்டில் கட்டி எடுத்தார்கள். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே போலந்தில் போர் தொடங்கியது. படத்துக்கு இசை செகுண்டா. 1991-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட முதல் ஆங்கிலமல்லாத படம் அது.

பிறகு, தொழுகை இசை. மெட்ரோபாலிட்டன் ஓபராவின் டெனர் (உச்ச ஆண்குரல்) பாடகர் ரிச்சர்ட் டக்கர் அடிப்படையில் ஒரு ஹஸான். அவர் கொலம்பியா நிறுவனத்துக்குக் கோல் நித்ரே வழிபாட்டை (யூதர்களின் பாவமன்னிப்பு நாள் தொடங்கும் இரவில் நடப்பது) பாடியபோது இசையை ஒழுங்கமைத்து நடத்தியவர் செகுண்டா. கேட்ஸ்கில் மலையின் கான்கார்ட் ஹோட்டலில் பண்டிகை வழிபாடுகளுக்கும் அவர்தான் சேர்ந்திசை நடத்தினார். டக்கரின் தட்டைக் கேட்கும்போது பின்னால் நிற்கும் சேர்ந்திசையைக் கவனியுங்கள். ஹஸான் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும்போது அவர்கள் அவசரப்படமாட்டார்கள். அவர் மூச்சு எங்கே முடியும் என்று தெரிந்த ஒருவர் கையசைத்தால்தான் அப்படி வரும். குரல் உடைந்த அந்தப் பையன் அந்த இடத்தில் இருந்திருக்கிறான், முன்னால் நின்றவரின் மூச்சு அவனுக்குப் பழக்கம்.

கடைசி ஆண்டுகளில் பெரிய வடிவங்களுக்கும் வந்து சேர்ந்தார். ஐ. எல். பெரெட்ஸின் கதை ஒன்று. ஊரார் தங்கள் ரபை, அதாவது மதகுரு, பாவமன்னிப்பு வேண்டும் காலத்து விடியலில் சொர்க்கத்துக்கே ஏறிப் போகிறார் என்கிறார்கள். நம்பாத ஒருவன் ஒளிந்துபோய்ப் பார்க்கிறான். ரபை குடியானவன் வேடத்தில் காட்டுக்குப் போய், விறகு வெட்டி, நோயாளியான ஏழைக் கிழவியின் அடுப்பை மூட்டிக்கொடுக்கிறார். அன்றிலிருந்து யாராவது அவர் சொர்க்கத்துக்குப் போகிறார் என்றால் அவன் மறுக்கமாட்டான். இதைச் சாமுவேல் ரோசன்பாமின் சொற்களோடு ஆரட்டோரியோவாகச் செய்தார் செகுண்டா. நாஜிகள் கொன்ற ஆறு மில்லியன் யூதர்களின் நினைவாக "யிஸ்கோர்" என்ற படைப்புக்கும் சொற்கள் அதே ரோசன்பாம்.

கரையோரம் எழுதியது:

டக்கரின் கோல் நித்ரே தட்டை நேற்று இரவு கேட்டேன். நாடகப் பாட்டைப் பற்றி என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தச் சேர்ந்திசையை நடத்தியவரை நான் மறுபடி கேட்பேன்.

தாழ்வாரம் எழுதியது:

இவையெல்லாம் எங்கே கேட்கலாம் அண்ணா? தட்டு வாங்கும் வசதி எனக்கு இல்லை.

ஊசிமுனை எழுதியது:

தட்டு வேண்டியதில்லை. ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவு ஆவணகம் யூத இசைத்தட்டுகளைப் பெரிய அளவில் இலக்கமாக்கி வைத்திருக்கிறது. டார்ட்மத் கல்லூரியிலும் யூத ஒலி ஆவணகம் உண்டு. மில்கன் ஆவணகம் இரண்டாம் அவென்யூ நாடகப் பாட்டுகளை முழு இசைக்குழுவோடு புதிதாகப் பதிவுசெய்து நாக்ஸாஸ் இசைத்தட்டு நிறுவனம் வழியாக வெளியிட்டது. வெட்டப்பட்ட சரணங்களும் வாத்திய அமைப்பும் எப்படி இருந்தன என்று அதில்தான் தெரியும். ஆராய விரும்புவோருக்கு, செகுண்டாவின் கையெழுத்துத் தாள்கள் நியூயார்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் லெபெடெஃபின் ஏதாவது இரண்டு தட்டு, மேடை வாசம் பிடிபடுவதற்கு. பிறகு ஆண்ட்ரூஸ் சகோதரிகள், உடனே குட்மனின் கார்னகி ஹால் பதிவு. பிறகு "டோனா டோனா"வை முதலில் யித்திஷில் கேட்டுவிட்டுப் பேயஸிடம் போங்கள். டக்கரைக் கடைசியில், இரவில், ஹெட்போனில். "தெவ்யா" படத்தை யாராவது பார்த்திருந்தால் அதன் இசையைப் பற்றி இங்கே தனியாக எழுதுங்கள். மூன்றாம் கட்டை அக்கா எழுதினால் நன்றாக இருக்கும்.

மூன்றாம் கட்டை எழுதியது:

பார்த்துவிட்டு எழுதுகிறேன். தெவ்யாவின் மகள் கிறிஸ்தவனை மணந்து போகும் காட்சியில் இசை என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கப்போகிறேன்.